காங்கேயில் ஒரு காலைப் பொழுது

ராஞ்சி என்ற பெயரைச் சொன்னதும் வட இந்தியாவில் எதிரே நிற்பவர் முகத்தில் ஒரு குறுஞ்சிரிப்புத் தோன்றும். "ராஞ்சிக்கா? எப்போது அனுப்பினார்கள்?" என்று கேட்பார்கள். கீழ்ப்பாக்கம் என்ற பெயர் நம்மவர் வாயில் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சென்னையின் மனநோய் மருத்துவமனை 1871-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பயனாக ஒரு பேட்டையின் பெயரே பரிகாசச் சொல்லாகிவிட்டது. ராஞ்சியின் வடபுறத்தில் உள்ள காங்கேக்கும் அதே கதிதான். பன்னிரண்டு ஆண்டுகளாக ராஞ்சிக் கோட்டத்தில் ரெயில்வே உத்தியோகம் பார்த்து வரும் நானும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பரிகாசத்தைக் கேட்டிருக்கிறேன்; நானே சொல்லிச் சிரித்ததும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் தாயாரை அழைத்துக்கொண்டு காங்கேக்குப் போக நேர்ந்தது. அதன்பின் அந்தச் சிரிப்பு என்னிடமிருந்து அகன்றுவிட்டது. அங்கே கண்டவற்றையும், அங்கே நான் செய்த ஒரு பிழையையும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் என்று தோன்றியதால் இதை எழுதத் துணிந்தேன்.

ராஞ்சியைப் பாராத அன்பர்களுக்கு ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சோட்டா நாகபுரிப் பீடபூமியின் மேல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தபோது அதன் தலைநகராயிற்று. நகரின் தென்கோடியில் ஹட்டியா இருக்கிறது. ரெயில்வே குடியிருப்புகளும், 1958-இல் நிறுவப்பட்ட கனரக எந்திரத் தொழிற்கழகத்தின் ஆலைகளும் அந்தப் பக்கத்தில்தான். கலாசியாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவான எனக்கும் அங்கேதான் வீடு. தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் விரைவு வண்டி ராஞ்சியைத் தொட்டுக்கொண்டு, காட்பாடி, சேலம், கோயம்புத்தூர் என்று நம் சீமை வழியாகப் போகிறது. எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அதை 'நம்மூர் வண்டி' என்றே வழங்குகின்றன.

அந்த வண்டியில்தான் என் தாயார் வந்தார். என் தந்தையார் 2021-இல் காலமானார். அறுபத்தெட்டு வயதில் அம்மாவைக் கிராமத்தில் தனியே விட மனமின்றி அழைத்து வந்தேன். முதல் ஓராண்டு குறையின்றிக் கழிந்தது. வாசலில் கோலம் போடுவார். பேத்திக்குக் கதை சொல்வார். சந்தையில் சைகையாலேயே கறிகாய் பேரம் பேசுவார். 2022 ஆவணியிலிருந்து மாறுதல் தெரிந்தது. இரவு மூன்று மணிக்கு விழித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்காது. "கொடலு வெந்து போச்சு, தம்பி. நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு" என்பார். உலையில் அரிசி போட்டதை மறந்தார். பூட்டிய கதவைத் திறந்து மீண்டும் பூட்டினார். கோலம் நின்றது, கதை நின்றது, பின்னர்ப் பேச்சும் ஏறக்குறைய நின்றது.

வயிற்றுக்கு மருந்து தந்தார் ஒரு வைத்தியர். சத்து மாத்திரை தந்தார் இன்னொருவர். வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்ததில் பழுது ஒன்றுமில்லை. முதுமை மறதி வந்துவிட்டது, இனி இப்படித்தான் என்று நானும் என் மனைவியும் எங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரான பீகார் நண்பர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஒருமுறை காங்கேயில் காட்டிப் பாருங்களேன்" என்றார். அவர் நல்லெண்ணத்தால் சொன்னார். எனக்கோ முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மா விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

"வயித்து டாக்டர்கிட்டப் போறோம்மா" என்று பொய் சொல்லித்தான் அழைத்துப் போனேன். ஹட்டியாவிலிருந்து தோரண்டா, பிரதான சாலை, ஆல்பர்ட் எக்கா சௌக் வழியாக ஊரைத் தெற்கு வடக்காகக் கடந்து போக வேண்டும். தீபாவளியும் சட் பூஜையும் முடிந்த சமயம். தெருவோரங்களில் கரும்புச் சோகைகள் இன்னும் கிடந்தன. ஊர் நெருக்கம் குறையக் குறைய மரங்களும் வயல்களும் தென்படுகின்றன. காங்கேயில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அதையொட்டிய பகுதியில் பழைய மனநோய் நிலையங்கள் இரண்டு இருக்கின்றன.

அவை இரண்டாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1918-ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கில ஆட்சியார் இங்கே முதலில் திறந்தது ஐரோப்பியர்களுக்கு மட்டுமான மருத்துவமனை. இந்தியர்களுக்கென 1925-இல் வேறொரு மருத்துவமனை அருகிலேயே அமைந்தது. மனம் கலங்கியவர்களிடையேகூட நிறம் பார்த்த காலம் அது. முதலாவது இன்று மத்திய அரசின் கீழ் மத்திய மனநல மருத்துவ நிலையம் என்ற பெயரோடு விளங்குகிறது. 1977-ஆம் ஆண்டு முதல் அதற்கு அந்தப் பெயர். இரண்டாவது மாநில அரசின் நிலையம். இரண்டும் இப்போது எல்லாருக்கும் உரியவை.

நாங்கள் போனது முதலாவதற்கு. உயர்ந்த மதில்களையும் இரும்புக் கம்பிகளையும் மனத்தில் எண்ணிக்கொண்டு போன எனக்கு உள்ளே கண்ட காட்சி வியப்பளித்தது. பெரிய பெரிய மரங்கள், இடையிடையே தனித்தனி விடுதிக் கட்டடங்கள், புல்தரைகள். உள்ளிருக்கும் நோயாளிகள் வளாகத்துள் நடமாடுவதற்குத் தடையில்லை என்பது இந்த நிலையத்தின் நெடுநாளைய வழக்கம் என்றார்கள். 1919 முதல் இதை நடத்திய பெர்க்லி-ஹில் என்ற ஆங்கில மருத்துவர், 1922-இலேயே நோயாளிகளுக்குக் கைத்தொழில் கொடுத்துக் குணப்படுத்தும் முறையை இங்கே தொடங்கி வைத்தாராம். விடுதிகளுக்கு அந்நாளைய ஐரோப்பிய மனநோய் மருத்துவர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

வெளிநோயாளர் பகுதியில் விடிந்ததுமே கூட்டம் நிரம்பியிருந்தது. பீகார், வங்காளம், ஒடிசா, சத்தீஸ்கர் என்று பல மாநிலத்தாரும் வந்திருந்தனர். எங்களுக்கு முன்னால் ஓர் ஓராவோன் பழங்குடிக் குடும்பம். முதியவருக்குக் குடுக் மொழி தவிர வேறு தெரியாது. அவர் மருமகள் இந்தியில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. குடுக் மொழி நம் தமிழோடு உறவுடைய திராவிட மொழி என்பதை அன்பர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். அதில் 'ஏன்' என்றால் நான். 'நீன்' என்றால் நீ. அந்த மருமகள் மாமனாரிடம் 'நீன்', 'நீன்' என்று கேட்டுக்கொண்டிருந்தது என் தாயாரின் காதில் விழுந்ததும், பல நாளைக்குப் பிறகு அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பரந்த கூடத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே சங்கடம்: நோய் ஒரு மொழியில் இருந்தது, வைத்தியம் வேறொரு மொழியில் இருந்தது.

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஓர் அம்மையார். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் முதலில் சொன்னதை நான் மறக்கவில்லை. "எலும்பு முறிந்தால் படம் காட்டும், சர்க்கரை கூடினால் இரத்தம் சொல்லும். மனநோயில் பெரும்பாலும் அப்படிப்பட்ட கருவி எதுவும் எங்களிடம் இல்லை. நோயாளி சொல்வதும், சொல்லும் விதமும், வீட்டார் கண்டதும்தான் எங்கள் சோதனைச்சாலை. ஆகவே உங்கள் தாயார் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்" என்றார். சரியென்று தலையசைத்தேன்.

தைராய்டு சுரப்பி, வைட்டமின் பி-12, சர்க்கரை, இரத்தச் சோகை இவற்றுக்குச் சோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைந்தாலும் மனிதர் இப்படிச் சோர்ந்து மந்தமாகிவிடுவதுண்டு. உடலில் காரணம் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிய பின்பே மனத்தின்மேல் பழி போட வேண்டும் என்றார். பிறகு ஞாபக சக்தியைச் சோதிக்கும் கேள்விகள் தொடங்கின.

"இது என்ன மாதம்?" என்று கேட்கச் சொன்னார். அம்மா வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஐப்பசி" என்றார். நவம்பர் என்று சொல்லாததால் நான் வெட்கப்பட்டு, "தெரியவில்லை" என்று டாக்டரிடம் கூறினேன். "ஏதோ சொன்னாரே?" என்றார் டாக்டர். விளக்கினேன். இன்னும் கேளுங்கள் என்றார். "நாலஞ்சு நாள்ல பௌர்ணமி வருது. சிவன் கோயில்ல அன்னாபிஷேகம்" என்றார் அம்மா. டாக்டர் நாட்காட்டியைப் புரட்டினார். நவம்பர் 8-ஆம் தேதி பௌர்ணமி. அதற்கு ஐந்து நாள் இருந்தது. "நவம்பர் என்று சொல்பவருக்கு இவ்வளவு தெரியுமா?" என்று சிரித்தார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கச் சொன்னார். மாங்காய், மேசை, ரூபாய் என்று சொல்லி வைத்தேன். இரண்டைத் தாமாகவும், ஒன்றைக் குறிப்புக் காட்டிய பிறகும் அம்மா சொன்னார்.

"இது எந்த இடம்?" என்பது அடுத்த கேள்வி. அம்மா என் முகத்தைப் பார்த்தார். "மனசு சரியில்லாதவங்க ஆசுபத்திரி. வயித்து டாக்டருன்னு சொல்லிக் கூட்டியாந்தே. வாசல்லயே தெரிஞ்சு போச்சு" என்றார். இதை மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை. எழுந்தபோது டாக்டர் சொன்னார்: "அவருக்குத் தெரிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லி அழைத்து வந்தால், இது மறைக்க வேண்டிய இடம் என்று நீங்களே அவருக்குச் சொல்லிவிடுகிறீர்கள்."

மறதி நோய் உள்ளவர் பலரும் தமக்கு மறதி இருப்பதை அறியாமல் தவறான விடையைத் தயங்காமல் சொல்லிவிடுவார்களாம். மனச்சோர்வு உள்ள முதியவரோ, விடை தெரிந்திருந்தும், 'தெரியல' என்று விலகிவிடுவார். காத்திருந்து கேட்டால் விடை வரும். இது மாறா விதியன்று. இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. ஆனால் இந்த வேறுபாட்டை ஆராயாமல் பல வீடுகளில், 'கிழவிக்கு ஞாபகம் போயிற்று' என்று கைவிட்டுவிடுகிறார்கள் என்றார். எங்கள் வீடும் அந்த வீடுகளில் ஒன்றுதான்.

இனி என் பிழைக்கு வருகிறேன். "இனி எதற்காக உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் வருவதுண்டா என்று கேளுங்கள்" என்றார் டாக்டர். பெற்ற தாயிடம் ஒரு மகன் கேட்கும் கேள்வியா அது? நான், "மனசுக்குக் கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டேன். கேள்வியையே மாற்றிவிட்டேன். ஆனால் அம்மாவுக்கு மெய்யான கேள்வி எதுவென்று எப்படியோ தெரிந்துவிட்டது.

"ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கறேன். வண்டி போற சத்தம் கேக்குது. உங்கப்பா கூப்புடற மாதிரியே இருக்கு. எழுந்து போயிடலாமான்னு தோணுது. கொழந்த பக்கத்துல படுத்திருக்கா. அதான் போகல."

நான் டாக்டரிடம், "ரெயில் சத்தத்தால் இரவில் உறக்கமில்லை, என் தந்தையை நினைத்து வருந்துகிறார்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் சொன்னது நீளமாக இருந்தது. நீங்கள் சொன்னது குறுகிவிட்டது. அவர் சொன்னபோது உங்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது.

அவர் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டார். முதலாவது, 'மாதிரி'. தந்தையார் கூப்பிடுகிறார் என்று சொன்னாரா, கூப்பிடுவது போல் இருக்கிறது என்று சொன்னாரா என்று இருமுறை கேட்டார். இல்லாத குரல் மெய்யாகவே காதில் கேட்பது ஒன்று. துயரத்தால் அப்படித் தோன்றுவது வேறொன்று. 'மாதிரி' என்ற சொல்லை நான் விட்டிருந்தால் நோயின் பெயரே மாறியிருக்கலாம். இரண்டாவது, 'அதான் போகல'. "உங்கள் மகள்தான் இவரைப் பிடித்து வைத்திருக்கிறாள். இதை நீங்கள் மறைத்திருந்தால் நான் தூக்கத்துக்கு மருந்து எழுதி அனுப்பியிருப்பேன்" என்றார். சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்பதால் நோயாளியின் சுமை குறைகிறது என்றும் விளக்கினார்.

என் தாயாரின் நோய்க்கு மனச்சோர்வு என்று பெயரிட்டார். துக்கம் வேறு, இது வேறு. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதியும் மனம் தாழ்ந்தோ எதிலும் நாட்டமின்றியோ இருந்து, அதனோடு உறக்கம், பசி, கவனம், நம்பிக்கை இவை கெடும்போது அந்தப் பெயரைத் தருகிறார்கள். நம் நாட்டில் பலர் மனத்தின் வேதனையை உடலின் மொழியில்தான் சொல்வார்கள். குடல் வெந்ததும் நெஞ்சில் கல் ஏறியதும் அந்த மொழிதான் என்றார்.

வீடு திரும்பிய பிறகு, விடுதிகளின் பெயர்களைக் கண்ட ஆவலால் பழைய மனநோய் மருத்துவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானியரைப் பற்றிய செய்தி என்னை வெகுவாக ஈர்த்தது. மனநோய்களை இன்று வகைப்படுத்தும் முறைக்கு அடிகோலியவர்களில் முதன்மையானவர் அவர். 1886 முதல் 1891 வரை அவர் டோர்பாட் நகரில் பேராசிரியராக இருந்தார். இன்று அது எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என்ற பெயரோடு இருக்கிறது. அங்குள்ள நோயாளிகள் பலரின் மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை நம்ப வேண்டியிருந்தது. ஒருநாளைய பேச்சைக் காட்டிலும் ஆண்டுக்கணக்கில் நோய் போகும் போக்கைக் கண்டு வகை பிரிப்பதே அவர் முறையாயிற்று. 1899-இல் வெளிவந்த அவர் நூற்பதிப்பில் அது தெளிவாக நிலைபெற்றது. அத்தகைய மேதைக்கே மொழி ஒரு மதிலாக நின்றதென்றால், அயலூரில் வாழும் நம் வீட்டு முதியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அம்மாவை அங்கே சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சில வாரங்களுக்கு இரவும் பகலும் ஒருவர் உடனிருக்க வேண்டும், மாத்திரைகளையும் பூச்சி மருந்து போன்றவற்றையும் பூட்டி வைக்க வேண்டும், வாசற்கதவின் சாவி எங்களிடம் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது என்றார்கள். அடுத்த முறைகளில் நான் மொழிபெயர்க்கவில்லை. எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு தமிழ் அம்மையார் உடன் வந்தார். என்னிடம் சொல்லாத பலவற்றையும் அம்மா அவரிடம் சொன்னார். மகனுக்கு எதிரே தாய் எல்லாவற்றையும் சொல்வாளா?

ஆறாவது வாரம் ஒருநாள் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, "ரசத்துல உப்பு போட்டீங்களா இல்லியா?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் குறையைக் கேட்டு இவ்வளவு மகிழ்ந்த குடும்பம் வேறு இருக்க முடியாது. தை மாதத்தில் வாசலில் மீண்டும் கோலம் வந்தது. குணமான பிறகும் பல மாதங்கள் மருந்து தொடர்ந்தது.

அன்பர்களே, மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். வீட்டில் முதியவர் பேச்சுக் குறைந்து, விடியற்காலையில் விழித்து, உணவை ஒதுக்கினால், வயதென்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் அவர் வார்த்தையைக் கொண்டுபோகும்போது, வெட்கத்தாலோ அச்சத்தாலோ அதில் ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள். அந்தச் சொல்லில்தான் நோய் இருக்கும். நம் சங்கம் இருக்கும் ஒவ்வோர் ஊரிலும், ஊர் மொழியும் தமிழும் நன்கறிந்து, கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு மூன்று பேரின் பட்டியல் இருக்கட்டும்; அவர்களிற் பெண்களும் இருக்கட்டும். அவசரத்துக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம்.

நம்மூர் வண்டியின் ஒலி கேட்கும்போது இப்போதும் அம்மாவின் முகத்தை நான் பார்ப்பதுண்டு. "காட்பாடி போய்ச் சேர எத்தினி மணி நேரம், தம்பி?" என்று கேட்கிறார். வரும் கோடை விடுமுறையில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஊரில் யாராவது ராஞ்சியைச் சொல்லிச் சிரித்தால் என்ன சொல்வதென்று அம்மாவைக் கேட்டேன். "அங்கதான் எனக்கு ஒடம்பு நல்லாச்சுன்னு சொல்லு" என்றார்.